போணி ராவுத்தரும் கார்டு மிஷினும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லாம் நிறையப் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் பதினெட்டு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியதுதான் என் எழுத்து அனுபவம். அதிலும் வந்தவர்களுக்கு ஓர் எழுத்து, வராதவர்களுக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். "உனக்குப் பேசத்தானேம்மா வராது, எழுதிப் பார்" என்று என் மகள் பேனாவைக் கையில் திணித்துவிட்டாள். தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு மனிதரைப் பற்றி. ஆண்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் அல்ல, இந்தியா முழுக்கச் சலித்துப் பார்த்தாலும் டீ மிஷினுக்கு ராசி பார்த்துப் போணி பண்ணிய மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் பெயர் என்னவென்று மில்லில் யாருக்கும் தெரியாது. போணி ராவுத்தர் என்றால் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் தெரியும்.

எங்கள் மில் ஆண்டிபட்டிப் பக்கம். கேட்டைத் தாண்டியதும் டைம் ஆபீஸ். அதன் வராந்தாவில் 'சுருளி' நின்றான். சுருளி என்பது ஆள் இல்லை, டீ மிஷின். ஒரு ரூபாய்க் காசு போட்டால் ஒரு பேப்பர் கப் டீ கொடுப்பான். முதலில் சுருளிப்பட்டியில், அருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் இருந்ததால் ராவுத்தர் அவனுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். அடியில் எப்போதும் சொட்டுச் சொட்டாக ஒழுகும். மேனேஜர் அதைக் குறையாகச் சொன்னால் ராவுத்தர் சிரிக்காமலே பதில் சொல்வார்.

"அருவிக்குப் பக்கத்துல வளந்தவன்யா. கொஞ்சம் ஒழுகத்தான் செய்வான்."

ராவுத்தர் உத்தமபாளையத்துக்காரர். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேனியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். விடிவதற்குள் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். தோளில் ஸ்பானர் பை, சட்டைப் பையில் டெஸ்டர், கையில் ஒரு மர முக்காலி. பஸ்ஸில் உட்கார இடம் இல்லையென்றால் முக்காலியை நடுவழியில் போட்டு உட்கார்ந்துவிடுவார். கண்டக்டர் சத்தம் போட்டால், "காசு குடுத்து டிக்கெட் எடுத்திருக்கேன்யா. நிக்கிறதுக்கா எடுத்தேன்?" என்பார். முக்காலிக்கு லக்கேஜ் போடுவேன் என்று மிரட்டிய ஒரு கண்டக்டரிடம், "போடும். அப்ப அதுக்கும் ஒரு சீட்டு காமியும்" என்று சொன்னதாகக் கேள்வி.

மில்லுக்கு வந்ததும் முக்காலியைச் சுருளிக்கு எதிரில் போட்டு உட்காருவார். மிஷினை அணைத்து, திறந்து, கழுவி, பாலையும் டிகாஷனையும் ஊற்றி, மறுபடி சுவிட்சைப் போடுவார். அதற்குள் இருவரும் நிறையப் பேசிவிடுவார்கள். இருவரும் என்றால் ராவுத்தரும் சுருளியும்.

"ஏலே சுருளி, நேத்து ரெண்டாவது ஷிப்டுல யாருக்கோ வெறும் வெந்நியக் குடுத்தியாமே. அந்தாளு உன்னைய என்ன செஞ்சாரு?"

தாஜா பண்ணுவது தமிழில். திட்டுவது மலையாளத்தில். குமுளியில் ஏலக்காய்க் கடையில் சில வருஷம் இருந்தவர். "எந்தா மோனே! இது ஷரியல்ல, கேட்டோ!" என்று ஸ்பானரை ஆட்டுவார். எதற்கு மலையாளம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"தமிழ்ல வஞ்சா அதுக்குப் புரிஞ்சிரும் ஆத்தா. மனசு நொந்துபோயிரும்ல?"

அந்த மிஷினுக்கு மனசு இருக்கிறதோ இல்லையோ, எங்கள் மில் ஆட்களுக்கு அதன்மேல் இரக்கமே இல்லை. பட்டறையில் கிடக்கும் வாஷர் ஒன்று ஒரு ரூபாய்க் காசின் அளவிலேயே இருக்கும் என்று எவனோ கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து சுருளி இரும்பு தின்ன ஆரம்பித்தான். வேறு ஆளாக இருந்தால் மேனேஜரிடம் போயிருப்பார். ராவுத்தர் சனிக்கிழமைதோறும் வாஷர்களைக் கழுவி, துணியில் முடிந்து, பட்டறைக்கு எடுத்துப் போவார்.

"இந்தாங்கய்யா. உங்க பிள்ளைக பூராம் டீ குடிச்சிட்டு வந்துருக்கு. எண்ணி எடுத்துக்கங்க."

பட்டறை ஆட்களுக்கு மூஞ்சி செத்துப்போகும். அடுத்த வாரம் வாஷர் பாதியாகக் குறையும். அதற்கடுத்த வாரம் பழையபடி ஏறிவிடும்.

இனி போணிக்கு வருகிறேன்.

காலையில் முதல் காசு யார் கையால் விழுகிறது என்பதில் ராவுத்தர் கம்பத்துக் கடைக்காரர்களைவிடக் கண்டிப்பு. கை நல்ல கையாக இருக்க வேண்டும். காசு போடுகிறவரின் சொந்தக் காசாக இருக்க வேண்டும். கடனாக வாங்கிப் போடக் கூடாது. ராவுத்தர் தன் காசைத் தானே போட்டுக்கொள்ளவும் கூடாது. "என் காச என் பெட்டியில நானே போட்டா அது போணியா? கையாலாகாத்தனம்" என்பார்.

ஒரு நாள் மேனேஜர் சீக்கிரம் வந்து முதல் காசைப் போட்டுவிட்டார். அன்றைக்குப் பால் திரிந்தது. குழாய் அடைத்தது. மத்தியானம் ஒரு அம்மாவுக்குக் கப்பே இல்லாமல் டீ மட்டும் வந்து கொட்டியது. அதற்கு மறுநாளிலிருந்து சுருளியின் கழுத்தில் தினமும் காலையில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்க ஆரம்பித்தது. மேனேஜர் வருவார், அட்டையைப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொண்டு போவார்.

அந்த அட்டை தொங்கிய ஒரு காலையில், ஐந்தே முக்காலுக்கு நான் வந்தேன். பழுது என்றால் பழுதுதான் என்று ஒதுங்கிப் போனேன். ராவுத்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, நீ டீ குடிக்க மாட்டியா?"

"குடிப்பேண்ணே. பழுதுன்னு போட்டிருக்கே."

"அது மத்தவுகளுக்கு. நீ ஒரு காசு போடு பாப்போம்."

போட்டேன். அன்று முழுக்கச் சுருளி ஒரு தடவைகூட அடைக்கவில்லை. ஒரு வாஷர்கூட விழவில்லை. மூன்று மணிக்கே பால் தீர்ந்து, தேனிக்குப் போய் வாங்கிவந்து ஊற்றினார். சாயங்காலம் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார்.

"உனக்குக் கைராசி ஆத்தா."

என் கையைப் பார்த்துக்கொண்டேன். மை படிந்த கை. அது நாள் வரைக்கும் அதை யாரும் எதற்காகவும் பாராட்டியதில்லை. அப்போது நான் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. நான் லீவு போட்ட நாளில்கூட "அந்தப் பொண்ணு எங்கே" என்று கேட்டவர் இல்லை. அன்றிலிருந்து நான் வந்து காசு போட்ட பிறகுதான் பழுது அட்டை கழலும். என் கை பட்டதால் மிஷின் சரியாகிறது என்று ஸ்பின்னிங் பெண்கள் நம்பிவிட்டார்கள். ஒருத்தி தன் வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொண்டு வந்து தொடச் சொன்னாள். தொட்டேன். ஓடவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கார்டு வந்தது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் என்று நினைக்கிறேன். தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம். மில்லில் எல்லோருக்கும் கழுத்தில் தொங்குகிற மாதிரி சிப் வைத்த கார்டு கொடுத்தார்கள். கேட்டில் அதைக் காட்டினால் வருகை பதிவாகும். உடனே மேனேஜருக்கு ஒரு யோசனை. அதே கார்டை டீ மிஷினிலும் காட்டலாமே? டீக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். காசு வேண்டாம், சில்லறை வேண்டாம், முக்கியமாக வாஷர் வேண்டாம்.

ராவுத்தரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஒரு மாசம் டைம். உம்ம மிஷின்ல கார்டு ரீடர் மாட்டும். முடியலைன்னா சொல்லும், கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி புது மிஷினோட ரெடியா இருக்கு."

ராவுத்தரிடம் ஒரு காலத்தில் நாலு மிஷின் இருந்தன. வைகை அணையில் நின்றது, பஸ் ஸ்டாண்டில் நின்றது, தியேட்டரில் நின்றது எல்லாம் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மிச்சம் சுருளி ஒருவன்தான். "இவனும் போயிட்டா நான் திரும்பக் குமுளிக்குப் போயி ஏலக்கா மூட்டைதான் தூக்கணும் ஆத்தா. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு மிஷினோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கோயம்புத்தூர் போனார். மூன்று நாள் ஆளைக் காணோம். நாலாம் நாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார். அதைச் சுருளியின் நெஞ்சில் திருகினார். கார்டைக் காட்டினால் 'கீங்' என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு, டீ. ராவுத்தருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

"காசு விழுந்தா டங்குன்னு ஒரு மரியாதை இருக்கும். இது என்னத்தா, எலிக்குஞ்சு மாதிரி கத்துது."

கார்டு வந்ததில் மற்றவர்களுக்கும் சிக்கல்தான். எங்கள் மில்லில் யாரும் தனியாக டீ குடித்துப் பழக்கமில்லை. ஒருத்தி போனால் கூட நிற்கிற ஐந்து பேருக்கும் அவள்தான் போட வேண்டும், மறுநாள் இன்னொருத்தி. ரீடரோ ஒரு கார்டுக்கு ஒரு டீதான், அடுத்ததற்குப் பத்து நிமிஷம் பொறுக்கணும் என்றது. பெருக்குகிற பேச்சியம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். "ஏ புள்ள, உன் கார்டை எனக்குக் குடு, என் கார்டை நீ வச்சுக்க. நீ எனக்கு வாங்கித் தந்த மாதிரியும் ஆச்சு, நான் உனக்கு வாங்கித் தந்த மாதிரியும் ஆச்சு." ஒரே வாரத்தில் கார்டுகள் எல்லாம் கழுத்து மாறிவிட்டன. சாயங்காலம் கேட்டில் பேச்சியம்மாவின் படம் ஒட்டிய கார்டோடு மீசைக்கார ஃபிட்டர் ஒருவர் வெளியே போனார்.

சோதனை ஓட்டம் தொடங்கிய முதல் நாள், ஐந்தே முக்காலுக்கு நான் வந்தேன். கையில் கார்டு. ராவுத்தர் பதறிப்போனார்.

"கார்டை உள்ள வையி ஆத்தா. காசு இருக்கா?"

"காசு எதுக்குண்ணே? இனிமே கார்டுதானே?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முக்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உனக்கு மட்டும் சொல்றேன். கார்டுல போணி ஆகாது. கையிலருந்து காசு வரணும்ல? கார்டுங்கிறது பெறகு தாரேன்கிற சங்கதி. கடன்ல எவனாவது கடையத் தொறப்பானா? அதனால நான் ஒரு வேல பண்ணியிருக்கேன். காலையில சுவிட்சப் போட்டதும் ஒரு காசு விழுந்தாத்தான் கார்டு கண்ணத் தொறக்கும். அப்பிடி ஒயர் இழுத்திருக்கேன். ஒரே ஒரு காசு. அதுக்கப்புறம் நாள் பூராம் கார்டு ராஜ்ஜியம்."

"மேனேஜர் காசு ஓட்டையவே அடைக்கச் சொன்னாகளே அண்ணே?"

"வெளிய அடைக்கச் சொன்னாக. உள்ள அடைக்கச் சொன்னாகளா?"

காசு ஓட்டையின் மேல் நூலில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. 'காசு வேண்டாம், கார்டு போதும்.' அதைத் தூக்கிப் பிடித்தார். காசைப் போட்டேன். டங் என்றது. ரீடர் கண் விழித்தது.

"நடுவுல கரண்ட் போயி வந்தா?" என்றேன்.

ராவுத்தருக்கு ரொம்பச் சந்தோஷம். புத்திசாலிப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதான் கேள்வி! கரண்ட் போயிட்டு வந்தா இவன் மறுநாள் விடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிருவான். திரும்பப் போணி கேப்பான். அதுக்குத்தான் இங்கன பாரு."

மிஷினுக்குப் பின்னால் பழைய கைலித் துணியில் சுற்றி ஒரு மொபெட் பேட்டரி உட்கார்ந்திருந்தது. கரண்ட் போனால் அது தாங்கிக்கொள்ளும். சுருளிக்கு நாள் மாறாது.

இந்த ரகசியம் உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பேச வராது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் சொன்னாரோ என்னவோ.

பத்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முதலாளி வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. கார்டு ஒழுங்காக வேலை செய்தால் சுருளி இருப்பான். இல்லையென்றால் அன்றைக்கே கோயம்புத்தூர் மிஷினுக்கு ஆர்டர். அந்தக் கம்பெனியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவரும் படம் போட்ட புத்தகத்தோடு வந்து சேர்ந்துவிட்டார்.

முந்தின நாளே மேனேஜர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். "நாளைக்கு ஒருத்தரும் சில்லறை கொண்டுவரக் கூடாது. முதலாளி கேட்டா, 'எங்க மில்லுல காசுக்கு வேலையே இல்லைங்கய்யா'ன்னு பைய உதறிக் காட்டணும்."

அன்று காலை வழக்கம்போல நான் போணி போட்டேன். நூறு பேருக்குமேல் டீ குடித்தார்கள். ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்து வராந்தாவை அலங்காரம் பண்ண ஆரம்பித்தார். மாவிலைத் தோரணம் கட்டினார். நூலில் தொங்கிய சின்ன நோட்டீஸைக் கிழித்துப்போட்டுவிட்டு, ரீடரை மட்டும் விட்டு மிஷினின் நெஞ்சு முழுக்க அதே வாசகத்தோடு ஒரு பெரிய ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார். காசு ஓட்டை அதற்கு அடியில் போய்விட்டது. ராவுத்தர் அப்போது பால் வாங்கப் போயிருந்தார்.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். வராந்தாவில் இரண்டு ஷிப்ட் ஆட்களும் கூடி நின்றார்கள். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "இனிமேல் நம் மில்லில் சில்லறை என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

யாரும் கவலைப்படவில்லை. தினமும் போவதுதான். அரை நிமிஷத்தில் ஜெனரேட்டர் பிடித்தது, விளக்கு வந்தது. மேனேஜர் முதலாளியை மிஷின் பக்கம் அழைத்துப் போனார். முதலாளி கார்டை எடுத்து ரீடரில் காட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தடவை காட்டினார். எலிக்குஞ்சு கத்தவில்லை.

"கார்டைத் திருப்பிக் காட்டுங்கய்யா!" என்று பேச்சியம்மா பின்னாலிருந்து கத்தினாள். "போட்டோ மிஷினப் பாத்து இருக்கணும்ல? ஆளு யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி திருப்பிக் காட்டினார். ஒருவர் துடைத்துப் பார்க்கச் சொன்னார். முதலாளி சட்டையில் துடைத்தார். இன்னொருவர் ஊதச் சொன்னார். முதலாளி ஊதினார். நூல் மில் முதலாளி ஒருவர் தன் படத்தைத் தானே ஊதிக்கொண்டு நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பால் வாங்கித் திரும்பியிருந்த ராவுத்தர் கையை மெதுவாக மிஷினுக்குப் பின்னால் விட்டார். விட்ட கை அப்படியே நின்றது.

"என் பேட்டரிய எவன்யா எடுத்தது?"

"எது, அந்த அழுக்குத் துணி மூட்டையா?" என்றார் மேனேஜர். "முதலாளி வர்ற இடத்துல அசிங்கமா இருந்துச்சு. நான்தான் எடுத்துக் குடோன்ல போடச் சொன்னேன்."

ராவுத்தர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். டை கட்டியவர் புத்தகத்தைத் திறந்தார். "சார், நம்ம மாடல்ல இந்தப் பிரச்சினையே வராது சார்" என்று பக்கத்தைப் புரட்டினார். மேனேஜர் குனிந்து பல்லைக் கடித்தார்.

"என்னய்யா ஆச்சு உம்ம மிஷினுக்கு?"

"போணி ஆகலைய்யா."

"என்ன ஆகல?"

ராவுத்தர் எழுந்து முதலாளியைப் பார்த்தே சொன்னார். "மிஷினுக்கு இன்னும் போணி ஆகலைங்கய்யா. ஒரு காசு விழுந்தாத்தான் கார்டு எடுக்கும். நான்தான் அப்பிடி வச்சிருக்கேன்."

"காலையிலருந்து இத்தனை பேரு குடிச்சிருக்காகளே?" என்றார் முதலாளி.

"அது நேத்து வியாபாரம்ங்கய்யா. கரண்ட் போயி வந்ததும் அதுக்கு விடிஞ்சிருச்சு."

வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது எல்லோருக்கும் பரவியது. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு காசுதானே, யாராவது போடுங்கப்பா!" என்று கத்தினார்.

ஆண்கள் பையை உதறினார்கள். பெண்கள் முந்தானையை உதறினார்கள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே எல்லோரும் உதறினார்கள். இருநூறு பேரிடம் ஒரு ரூபாய் இல்லை. முதலாளி பர்ஸைத் திறந்தார். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு.

"ராவுத்தரே, உம்ம பையிலதான் சில்லறை கிலுகிலுங்குதே! எடுத்துப் போடும்!" என்றார் மேனேஜர்.

"என் காச நானே போட்டா அது போணியாய்யா?"

"அப்ப முதலாளி கையில ஒரு காசு குடும். அவர் போடட்டும்."

"கடன் குடுத்துப் போணி வாங்கவா?"

"மிஷினுக்கு என்னய்யா தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள டீ வரலைன்னா மிஷினை வண்டியில ஏத்தும்."

ராவுத்தர் பையில் காசு இருந்தது. கையை விட்டால் போதும். அவர் கையை விடவில்லை. கூட்டத்தில் கண்ணை ஓடவிட்டார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

என் பர்ஸில் ஒரு காசு இருந்தது. மறுநாள் போணிக்கென்று முந்தின நாளே தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம். அந்தக் காசை இறுக்கிப் பிடித்திருந்தேன். தூணிலிருந்து மிஷினுக்கு இருபது அடி இருக்கும். நடுவில் இருநூறு பேர், மேனேஜர், டை கட்டியவர், முதலாளி. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்க என் பெயரைக் கூப்பிட்டபோது மேடைக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடிவந்தவள் நான். இன்று வரைக்கும் அந்தப் பரிசு என்னவென்று தெரியாது.

எப்படி நடந்தேன் என்று ஞாபகமில்லை. "ஏ, வழிய விடுங்கடி, கைராசிக்காரி வாரா!" என்று பேச்சியம்மா கத்தியது மட்டும் காதில் விழுந்தது. மிஷினுக்கு முன்னால் போய் நின்றால் ஓட்டையைக் காணோம், பெரிய ஸ்டிக்கர்தான் இருக்கிறது. மேனேஜர் ஒட்டிய ஒட்டு நகத்துக்கு வரவில்லை. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினேன். 'காசு வேண்டாம்' என்பதில் 'வேண்டாம்' இருந்த இடத்தைக் குத்திக் கிழித்தேன். மேனேஜர் "ஏம்மா, ஏம்மா!" என்றார். காசைப் போட்டேன்.

டங்.

ரீடரில் சிவப்பு விளக்கு வந்தது, பிறகு பச்சை. முதலாளி கார்டைக் காட்டினார். எலிக்குஞ்சு கத்தியது. டீ வந்தது. வராந்தாவில் எழுந்த சத்தத்தில் தோரணத்தின் ஒரு முனை கழன்று மேனேஜர் தோளில் விழுந்தது.

முதலாளி ஒரு வாய் குடித்தார். "யாரும்மா நீ?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என் பெயரே வரவில்லை. ராவுத்தர்தான் சொன்னார்.

"இதுதான்யா நம்ம போணி."

முதலாளி சிரித்தார். அவருடைய அப்பா பஞ்சுக் கடை வைத்திருந்தவராம். முதல் ஆளிடம் பேரம் படியாமல் போனால் அன்றைக்குச் சாப்பாடே இறங்காதாம். டை கட்டியவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க மிஷின்ல போணி உண்டா?"

அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அந்த ஆப்ஷன் இல்லைங்க சார்" என்றார்.

"அப்ப இது இங்கனயே இருக்கட்டும். புது யூனிட்டுக்கு வேணும்னா உங்களுதப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, கப்போடு முதலாளி உள்ளே போனார். சொன்னபடியே புது யூனிட்டுக்குக் கோயம்புத்தூர் மிஷின்தான் வந்தது. அந்த வேலையும் கிடைத்திருக்கலாமே என்று நான் வருத்தப்பட்டேன். ராவுத்தர் வருத்தப்படவில்லை.

"வேணாம்த்தா. அங்கன போணிக்கு ஆளுக்கு எங்க போறது?"

அதற்குப் பிறகு சில வருஷம் சுருளி அங்கேயே ஒழுகிக்கொண்டு நின்றான். ராவுத்தர் இடுப்பு வலி தாங்காமல் உத்தமபாளையத்துக்கே போய்விட்ட பிறகு மிஷினையும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். நானும் வேலையை விட்டுவிட்டேன். என் கையில் உண்மையிலேயே ராசி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் தொட்ட வேறு எதுவும் அப்படி ஒன்றும் விளங்கிவிடவில்லை. ஆனாலும் இன்றைக்கும் காலையில் பால் வாங்கக் காசை எடுக்கும்போது, என்னை அறியாமல் ஒரு தடவை கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த விழாவுக்கு மறுநாள் ஐந்தே முக்காலுக்கு வேலைக்குப் போனேன். பேட்டரி பழைய இடத்தில், புதுக் கைலித் துணியில் இருந்தது. கிழிந்த ஸ்டிக்கரை எடுத்துவிட்டு வேறு ஒன்று ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை வெட்டியிருந்தது. காசைப் போட்டேன், கார்டைக் காட்டினேன். டீ வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.